காதால் பார்த்த ஆட்டம்

வியாழன், செப்டம்பர் 4, 2025. விக்ஸ்பர்க்

இரவு பதினொன்றரை. மகள் தூங்கிவிட்டாள். டாலஸ் பக்கமிருந்து மாலை ஐந்து மணிக்குக் கிளம்பி, லூசியானாவைக் குறுக்கே வெட்டி, மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வருகிற முதல் ஊரில் படுத்திருக்கிறோம். ஆற்றைப் பகலில் காட்டியிருக்க வேண்டும். இருட்டில் பாலத்து விளக்கும், கீழே எங்கோ ஒரு சரக்குப் படகின் விளக்கும்தான் தெரிந்தன. "இதுக்கா இவ்ளோ பில்டப்பு?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டில் சொல்லிவிட்டு வந்த காரணம், கல்லூரி பார்ப்பது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பெண்ணுக்கு நான் படித்த இடத்தையும் காட்ட வேண்டாமா என்று மனைவியிடம் ஒரு வாரம் பேசி அனுமதி வாங்கினேன். நிஜமான காரணம் பின் இருக்கையில் துண்டில் சுற்றிக் கிடக்கிறது. ஒரு மாட்டு மணி.

பொள்ளாச்சிக்காரன் மாட்டு மணியைத் தூக்கிக்கொண்டு அமெரிக்காவில் அலைவதா என்று கேட்கலாம். ஆனால் இது ஊரிலிருந்து வந்த மணி இல்லை. ஸ்டார்க்வில் என்ற சின்ன ஊரில் இருக்கும் மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மணி. அங்கே கால்பந்து ஆட்டம் நடந்தால் (உருண்டைப் பந்தைக் காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு முட்டிக்கொள்கிற அமெரிக்கக் கால்பந்து) பார்க்க வருகிறவர்கள் கையில் மணியோடுதான் வருவார்கள். ஒருவர் இருவர் இல்லை, அரங்கமே.

2003 ஆகஸ்டில் முதுகலை படிக்கப் போனபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். திடீரென்று ஜன்னல் வழியாக அந்தச் சத்தம். தொலைவில் ஆயிரக்கணக்கான மாடுகள் மிரண்டு ஓடி வருவது போல. அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். "என்ன கண்ணு, சந்தைக்குள்ள நிக்கறயா?" என்றார். எங்கள் ஊர் மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் புரியும்.

டிக்கெட் எடுக்கக் காசில்லாத அந்த முதல் பருவம் முழுக்க ஆட்டத்தைக் காதால்தான் பார்த்தேன். துண்டு துண்டாகக் கிலுங்கினால் எதிரணியிடம் பந்து இருக்கிறது. நிற்காமல் ஒரு நிமிஷம் கொட்டினால் நம்மவர்கள் டச்டவுன் போட்டுவிட்டார்கள், அதாவது பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்த்துவிட்டார்கள். அந்த வருஷம் இரண்டாவது ரகம் அதிகம் கேட்கவில்லை. 12 ஆட்டத்தில் 2 வெற்றி, 10 தோல்வி.

வெள்ளி, செப்டம்பர் 5. ஸ்டார்க்வில்

காலையில் ஜாக்சன் வரை வந்து, அங்கிருந்து 25-ஆம் நெடுஞ்சாலையில் வடகிழக்காக ஏறினோம். இரண்டு பக்கமும் பைன் மரம், நடுவில் தேவாலயம், மறுபடி பைன் மரம். பதினொரு மணிக்கு ஊருக்குள் நுழைந்தோம். வங்கி, மளிகைக் கடை, பெட்ரோல் பங்க் எங்கே பார்த்தாலும் மெரூன் சட்டை. வெள்ளிக்கிழமை மெரூன் போடுவது இங்கே எழுதாத சட்டம்.

தங்கும் விடுதியைப் பற்றி ஒரே வரி. மற்ற நாள் வாடகையைப் போல மூன்று மடங்கு, அதுவும் குறைந்தது இரண்டு இரவு எடுத்தால்தான் அறை. ஆட்டம் இருக்கும் வாரம் என்றால் இந்த ஊரில் அப்படித்தான். எங்கள் ஊர்ப் பக்கம் தைப்பூசத்துக்குப் பழனியில் அறை தேடியிருக்கிறேன், அதனால் வாயைத் திறக்கவில்லை.

வளாகத்தில் முதலில் போனது பாலாடைக்கட்டிக் கடைக்கு. சிரிக்க வேண்டாம். 1878-இல் விவசாயத்துக்கும் இயந்திரத் தொழிலுக்கும் என்று தொடங்கிய கல்லூரி இது. இன்றும் சொந்த மாட்டுப் பண்ணை, சொந்தப் பால் கூடம். 1938-இலிருந்து ஈடம் சீஸ் செய்கிறார்கள். சிவப்பு மெழுகு பூசிய உருண்டை, உரித்த தேங்காய் அளவு. ஒன்று வாங்கிக்கொண்டோம்.

மணி ஏன் வந்தது என்பதற்கும் இந்த மாடுதான் காரணம். மாநிலத்தின் இன்னொரு பெரிய பல்கலைக்கழகம் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் ஓல் மிஸ். வக்கீல்களையும் டாக்டர்களையும் உருவாக்கிய பெருமை அவர்களுக்கு. "மாட்டுக் காலேஜ்" என்ற கேலி இவர்களுக்கு. இரண்டு அணிக்கும் 1901-இலிருந்து பகை. 1926-இல் ஆட்டம் முடிந்ததும் கோல் கம்பத்தைப் பிடுங்கப் போய் மைதானத்திலேயே அடிதடி நடந்து, அதைத் தணிக்க மறு வருஷம் ஒரு தங்க நிறப் பந்தைக் கோப்பையாக வைத்தார்கள். அந்தக் காலப் பந்து கொஞ்சம் உருண்டை. முட்டை மாதிரி இருந்ததால் "எக் பௌல்" என்று பெயர் விழுந்தது. ஓல் மிஸ்ஸோடு ஸ்டேட் அணி ஆடிய ஓர் ஆட்டத்தின்போது ஒரு ஜெர்சிப் பசு மைதானத்துக்குள் வந்துவிட்டதாம், அன்று ஜெயித்தார்களாம், அதற்குப் பின் ராசிக்காகப் பசுவைக் கூட்டி வந்து, கடைசியில் பசுவை விட்டுவிட்டு மணியை மட்டும் வைத்துக்கொண்டார்களாம். யாரும் பத்திரம் காட்டி நிரூபித்ததில்லை. எனக்குப் பிடித்தது வேறு. மாடு என்று திட்டினால், ஆமாம் மாடுதான் என்று மணியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்களே, அந்த வீம்பு.

வெறும் மாட்டு மணியைப் பிடித்து ஆட்டினால் ஒரு கால் மணி நேரத்தில் விரல் கழன்றுவிடும். இங்கே இருந்த டெரல், ரீவ்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் மாணவர்களுக்காக மணிக்குக் கைப்பிடி பற்றவைத்துக் கொடுத்தார்கள். 1963 வாக்கில் கேட்பவர்கள் பெருகிப்போய், மாணவர் சங்கம் மணியை மொத்தமாக வாங்கி, ஒரு மாணவர் மன்றமே வெல்டிங் வேலையை ஏற்றுக்கொண்டது. அடுத்த வருஷம் வளாகப் புத்தகக் கடையில் விற்பனைக்கு வந்தது.

என் மணியும் கடைச் சரக்கு இல்லை. துறையின் பட்டறையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் செய்து கொடுத்தது. எங்களுக்குள் அவர் பெயர் வெல்டர் தாத்தா. ஒரு சாண் கம்பியின் மேல் சைக்கிள் ஹேண்டில்பார் ரப்பர். பற்றவைத்த இடம் மழமழவென்று இருக்காது, கட்டைவிரல் போய்த் தட்டும் இடத்தில் ஒரு சின்ன முடிச்சு. 21 வருஷத்தில் எத்தனையோ வீடு மாறியிருக்கிறேன். பெட்டிக்குள் கையை விட்டால் அந்த முடிச்சைத் தொட்டதும் தெரிந்துவிடும்.

அவர் அதைக் கொடுத்தது 2004 செப்டம்பரில், மெயின் பல்கலைக்கழகத்திடம் 9–7 என்று தோற்ற வாரம். மெயின் ஒரு படி கீழே இருக்கும் அணி. ஊரே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை ஒரு பழுதான கருவியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். கருவியைப் பார்க்காமல் அலமாரியிலிருந்து மணியை எடுத்து நீட்டினார். ஜெயிக்கிறபோது எல்லோரும்தான் மணி கேட்பார்கள் என்றார். அவ்வளவுதான். தனக்குத்தானே மணி வாங்கிக்கொள்வது ராசியில்லை, ஒருவர் கொடுத்து ஒருவர் வாங்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

இன்று பட்டறை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட கூட்ட அறை இருக்கிறது. அவர் போய்ப் பல வருஷம் ஆயிற்று.

சாயங்காலம் கடைத்தெருவில் மகள் புது மணி ஒன்றைக் கையில் எடுத்தாள். பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. "அதை நீ வாங்கக்கூடாது" என்றேன். "அப்ப உங்களோடதக் குடுங்க." பதில் சொல்லாமல் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

சனி, செப்டம்பர் 6. ஆட்டம்

(நள்ளிரவு தாண்டி எழுதுகிறேன். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.)

ஆட்டம் மாலை ஆறரைக்கு. நாங்கள் மதியமே போய்விட்டோம். அரங்கத்துக்கு வெளியே ஜங்ஷன் என்று ஒரு புல்வெளி. கூடாரத்துக்குக் கூடாரம் அடுப்பு, இறைச்சிப் புகை, தொலைக்காட்சியில் வேறு ஆட்டம். முன்பின் தெரியாதவர்கள் கையில் தட்டைத் திணிக்கிறார்கள். நான் சைவம் என்றதும் ஒரு அம்மாள் நிஜமாகவே வருத்தப்பட்டு, அவித்த சோளம் இரண்டு கூடுதலாக வைத்தார். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வீரர்கள் இந்தக் கூட்டத்துக்கு நடுவே நடந்து வருவார்கள். சாமி புறப்பாடு மாதிரி. வழி விட்டு இரண்டு பக்கமும் மணி.

மகளுக்கு நான் சொன்ன கதை புல்லி நாயினுடையது. அணியின் சின்னம் புல்டாக். முதல் புல்லியை 1939-இல் வளாகப் பேருந்து அடித்துவிட்டது. கண்ணாடிப் பெட்டியில் வைத்து அஞ்சலி செலுத்தி, பேண்டு வாத்தியத்தோடு அரை மைல் ஊர்வலம் போய், மைதானத்தின் 50 கெஜக் கோட்டுப் பக்கம், வீரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு அடியில் புதைத்தார்கள். "நாய் மேலயா உக்காந்திருக்காங்க?" என்றாள். இனி அந்தப் பெஞ்சைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் அதுதான் தோன்றும்.

வாசலில் எனக்குச் சங்கடமாகிவிட்டது. மணியைக் கையில் வெளிப்படையாகப் பிடித்துக்கொண்டு போகிறேன், காவலர் ஏறிட்டும் பார்க்கவில்லை. என் காலத்தில் இது கடத்தல் சரக்கு. செயற்கை ஒலிக்கருவி எதுவும் கூடாது என்று தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான எஸ்.இ.சி. 1974-இல் 9-க்கு 1 என்ற வாக்கில் தடை போட்டது. அந்த ஒரு வாக்கு யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் பின் 36 வருஷம் மக்கள் மணியை ஒளித்துத்தான் கொண்டு போனார்கள். டயாப்பர் பை, கைப்பை, கோட்டுக்குள். வெல்டர் தாத்தா சொல்லிக் கொடுத்த முறை, ஒரு காலுறையைச் சுருட்டி மணிக்குள் திணித்து, அக்குளில் செருகிக்கொண்டு, மேலே ஜெர்கின். காலுறை போட்டால் நாக்கு ஆடாது.

2004 அக்டோபர் 23 அன்று அப்படித்தான் உள்ளே போனேன். எதிரணி ஃப்ளோரிடா. மெயினிடம் தோற்ற அணி ஃப்ளோரிடாவை என்ன செய்யும்? சில்வெஸ்டர் குரூமுக்கு அது முதல் வருஷம். எஸ்.இ.சி.யில் தலைமைப் பயிற்சியாளரான முதல் கறுப்பினத்தவர். வாசலில் காவலர் என் ஜெர்கினைப் பார்த்தார், புடைப்பைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். உள்ளே போய்க் காலுறையை உருவினேன். 38–31. நாங்கள்தான் 38. நான் மணி ஆட்டிய ஆட்டத்தை என் கண்ணால் முழுதாகப் பார்த்தது அதுதான் முதல் முறை. மறுநாள் வலது கையால் சோறு பிசைய முடியவில்லை.

2010-இல் கூட்டமைப்பு இறங்கி வந்தது. மணி கொண்டு வரலாம், ஆனால் பந்து ஆட்டத்துக்குத் தயாராகி, அதைத் தன் ஆளுக்குப் பின்னால் எடுத்துக் கொடுக்கிற நடுவீரர் அதன் மேல் குனிந்துவிட்டால் நிறுத்த வேண்டும். விசில் ஊதி ஆட்டம் நின்றபின் அடிக்கலாம். மீறினால் பல்கலைக்கழகத்துக்கு அபராதம். 2012-இல் இதுவே நிரந்தரமானது. காரணம் புரிகிறது. எதிரணியின் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) தன் ஆட்களுக்குக் கத்திச் சொல்கிற குறி காதில் விழாவிட்டால், எவனாவது ஒருவன் முன்கூட்டியே அசைவான், 5 கெஜம் பின்னால் போக வேண்டும். தொண்டையால் கத்தி அதைச் செய்யலாம், இரும்பால் செய்யக்கூடாது என்பது அவர்கள் கட்சி. நியாயம்தான். ஆனாலும் உட்கார்ந்த முதல் அரை மணி நேரம் எனக்கு ஒட்டவே இல்லை. பெரிய திரையில் நிறுத்தச் சொல்லி எழுத்து வருகிறது, கூட்டம் நிறுத்துகிறது. திருட்டு மாங்காயைத் தட்டில் வைத்து உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொள்ளக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

எங்களுக்குப் பக்கத்தில் எண்பது வயது இருக்கும் ஒரு பாட்டி. அவர் மணியில் வெள்ளை டேப் சுற்றி, அதில் நான்கு பெயர் நான்கு விதக் கையெழுத்தில். என் மகள் என்னிடமிருந்து மணியை வாங்கி ஆட்டியபோது, நிறுத்த வேண்டிய நேரத்தில் கிணுங்கிவிட்டது. பாட்டி திரும்பி, தன் மணியைக் கவிழ்த்துக் காட்டினார். மணியைப் பிடித்து நிறுத்தக்கூடாது, உள்ளே இரண்டு விரலை விட்டு நாக்கைப் பிடி என்று. ஆங்கிலத்திலும் அதற்கு நாக்கு என்ற சொல் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் இவள் அதைத் தமிழில் என்னிடம் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. "அப்பா, நாக்கை அடக்கணுமாம்."

அதற்குப் பிறகு அந்த நிறுத்தத்தையே கேட்க ஆரம்பித்தேன். ஏறக்குறைய 60,000 பேர் கொள்ளும் அரங்கம். 1914-இலிருந்து ஆட்டம் நடக்கிற இடம். மணி மொத்தமாக அதிரும். நடுவீரர் குனிவார். தகரச் சத்தம் கத்தரித்தாற்போல அறுந்து, அதற்குள்ளிருந்து மனிதக் குரல் மட்டும் மேலே ஏறும். கோவிலில் தீபாராதனை மணி நின்றதும் சட்டென்று ஆட்கள் மூச்சு கேட்குமே, அதற்கு நேர் எதிர்.

எதிரணி அரிசோனா ஸ்டேட். போன வருஷம் அவர்கள் தங்கள் கூட்டமைப்பின் சாம்பியன். நாம் போன வருஷம் என்ன? மறுபடியும் அதே 2 வெற்றி, 10 தோல்வி. 2003-ஐ நகல் எடுத்தது போல. ஆனால் இன்று ஆரம்பத்தில் 17–0 என்று முன்னால் போய்விட்டோம். மணி ஓயவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கரைந்தது. ஒன்றரை நிமிஷத்துக்குச் சற்று மேல் மிச்சம் இருக்கும்போது அவர்கள் ஒரு ஃபீல்டு கோல் அடித்து (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளி) 20–17.

இங்கேதான் நான் செய்த காரியம்.

"கிளம்பு, டிராஃபிக்ல மாட்டிக்குவோம்" என்றேன்.

"அப்பா, இன்னும் ஒன்றரை நிமிஷம் இருக்கு."

"ஒன்றரை நிமிஷத்துல என்ன ஆகிடப் போகுது?"

"நீங்க போய் கேட் கிட்ட நில்லுங்க. நான் வரேன்." மணி அவள் கையில். பாட்டி, நான் பார்த்துக்கொள்கிறேன் போங்கள் என்பது போலக் கையை ஆட்டினார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தோல்வியைப் பார்க்கத் தெம்பில்லை. டிராஃபிக் ஒரு சாக்கு. கீழே இறங்கி, வழியில் இருந்த கழிவறைக்குப் போனேன்.

உள்ளே என்னைத் தவிர ஒரே ஒரு பெரியவர். அவரும் தப்பி வந்தவர்தான், முகத்தில் எழுதியிருந்தது. தலைக்கு மேல் கான்கிரீட். அதற்கு மேல் மணிச் சத்தம். பிறகு நின்றது. நம் பந்து, நடுவீரர் குனிந்துவிட்டார். இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் ஒரு முனகல் போல எழுந்தது. முனகல் இரைச்சலாகி, இரைச்சல் நீண்டது. ஆனால் மணி இன்னும் அடிக்கவில்லை. இன்னும் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, எவனோ ஓடிக்கொண்டிருக்கிறான், யாரும் அவனைப் பிடிக்கவில்லை. ஒரு மூச்சு. இரண்டாவது மூச்சு. அப்புறம் அத்தனை மணியும் ஒரே சமயத்தில் விழுந்தது. குழாய் அதிர்ந்தது. பெரியவர் கையைக்கூடக் கழுவாமல் ஓடினார்.

2003-இல் எனக்குக் கிடைத்தது குழம்பிய சத்தம். எப்போது வேண்டுமானாலும் அடிப்பார்கள். நானாக ஊகித்துக்கொள்வேன். இன்று முதலில் குரல், பிறகு மணி. டச்டவுன் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் காலையிலிருந்து திட்டிக்கொண்டிருந்த அந்தச் சட்டம்தான் சொல்லிவிட்டது.

வெளியே ஓடி வந்து திரையில் பார்த்தேன். குவார்ட்டர்பேக் பிளேக் ஷேப்பன் எறிந்து, பிரெனன் தாம்ப்சன் பிடித்து, 58 கெஜம். மிச்சம் 30 விநாடி. 24–20. அது அப்படியே முடிந்தது, கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது. போன் ஒன்றும் வேலை செய்யவில்லை. மேலே ஏறுகிறவன் நான் ஒருவன், எல்லோரும் கீழே இறங்குகிறார்கள். எங்கள் வரிசைக்குப் போய்ச் சேர இருபது நிமிஷம் ஆயிற்று. பாட்டியும் மகளும் இருக்கை மேல் ஏறி நின்று ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்களாப்பா? எங்க இருந்தீங்க?"

"பாத்ரூம்ல."

இரவே அவள் அம்மாவுக்கு அந்த ஒரு சொல்லை மட்டும் செய்தியாக அனுப்பியிருக்கிறாள்.

ஞாயிறு, செப்டம்பர் 7. திரும்பும் வழி

விக்ஸ்பர்க்கில் இந்த முறை பகலில் நிறுத்தி ஆற்றைக் காட்டினேன். பழுப்புத் தண்ணீர், எதிரே லூசியானாவின் தட்டையான கரை. ஐந்து நிமிஷம் பார்த்தாள். "பெருசுதான்" என்றாள்.

காலையிலிருந்து அந்த 58 கெஜத்தை மூன்று முறை சொல்லிவிட்டாள். முதல் முறை தாம்ப்சன் தனியாக ஓடினான். இரண்டாவது முறை பின்னால் ஒருவன் துரத்தினான். மன்ரோ தாண்டியபோது துரத்துகிறவர்கள் இரண்டு பேராகியிருந்தார்கள். நான் குறுக்கே பேசவில்லை. பேச எனக்கு யோக்கியதையும் இல்லை.

அவள் வலது உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே கொப்புளம். வெல்டர் தாத்தாவின் முடிச்சு தட்டுகிற அதே இடம். பிளாஸ்திரி வாங்கிக் கொடுத்தேன். மணியைத் திரும்பக் கேட்க வாயெடுத்து, கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை. மடியிலேயே வைத்திருந்தாள்.

ஷ்ரீவ்போர்ட் அருகில் சாலை வேலை நடக்கிறது. ஒட்டுப் போட்ட தார். டயர் ஒவ்வொரு ஒட்டிலும் ஏறி இறங்கும்போது மடியில் கிணுங், கிணுங் என்றது. கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு ஷூவைக் கழற்றி, ஒரு காலுறையை உருவிச் சுருட்டி, மணிக்குள் திணித்துவிட்டு, கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.